வீட்டு நம்பரிலிருந்து வந்த அழைப்பு

— வண்டி உங்க வாசல்லதான் நிக்குது மேடம். எங்க ஆளுங்க பெல் அடிச்சுட்டாங்க, கதவையும் தட்டிட்டாங்க. உங்களால கதவுகிட்ட வர முடியுதா?

— எந்த வாசல் சார்? இங்க ஒரு சத்தமும் கேக்கலையே.

— உங்க வீட்டு வாசல் மேடம். கம்பி கேட்டு, உள்ள படி, பச்சைக் கதவு. கொஞ்சம் முன்னாடி கன்ட்ரோல் ரூமுக்கு நீங்கதானே கூப்பிட்டீங்க? உள்ள மாட்டிக்கிட்டோம், கதவு திறக்கலை, குளிர் தாங்க முடியலைன்னு சொன்னீங்க. அப்படியே லைன் போயிடுச்சு. ஸ்கிரீன்ல என்ன அட்ரஸ் வந்துச்சோ அங்க வண்டியை அனுப்பிட்டேன்.

— ஐயோ. நான் வீட்ல இல்லை சார்.

— அப்ப எங்க இருக்கீங்க?

— எங்க கோல்டு ஸ்டோரேஜ்ல. ஊருக்கு வெளிய. ரயில்வே கேட் தாண்டி மரக்கடை இருக்கு, அதுக்குப் பின்னாடி நீல ஷட்டர் போட்ட கட்டடம். அதுக்குள்ள ஐஸ் ரூம்ல இருக்கோம் சார். நானும் எங்க அத்தையும். வெளிய பூட்டியிருக்கு.

— எனக்கு இங்க உங்க வீட்டு நம்பர்தான் தெரியுது. வீட்டு போன்லேர்ந்து பேசறதா காட்டுது.

— செல்லுலதான் பேசறேன். ஆனா கால் வீட்டு வழியா வருது. வீட்ல ஒரு சின்ன டப்பா இருக்கு, இன்டர்நெட் ஒயரையும் வீட்டு போனையும் சேத்து வைக்கற அடாப்டர். செல்லுல ஒரு ஆப். அதுல கூப்பிட்டா நெட் வழியா அந்த டப்பாவுக்குப் போய், அங்கேர்ந்து வீட்டு நம்பரா வெளிய வரும். நாங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடறது சார். கடைக்காரங்க அத்தனை பேருக்கும் எங்க வீட்டு நம்பர்தான் தெரியும். வேற நம்பர்லேர்ந்து கூப்பிட்டா எடுக்கவே மாட்டாங்க.

— ஆபத்துக்குக் கூப்பிடறதையுமா அதுல கூப்பிடுவீங்க?

— வேற வழி? நாலு பக்கமும் தகரச் சுவர் சார், செல்லுல ஒரு புள்ளி டவர் இல்லை. வைஃபை மட்டும் வருது. கை பழக்கத்துல அந்த ஆப்பைத் தொட்டுச்சு. உங்களுக்கு வீட்டு அட்ரஸ் வரும்னு எனக்குத் தோணவே இல்லை. என் முட்டாள்தனம்.

— அப்படிச் சொல்லாதீங்க. கொஞ்சம் இருங்க. கட் பண்ணிடாதீங்க, சரிங்களா? … சொல்லிட்டேன். கட்டர் வெச்சிருக்கற வண்டி ஒண்ணு அங்க கிளம்புது. நீல ஷட்டர், மரக்கடைக்குப் பின்னாடி. சரியா?

— சரி சார். சீக்கிரம் வரச் சொல்லுங்க.

— யாரு கண்ணு அது? என் பையனா?

— இல்லை அத்தை, கன்ட்ரோல் ரூம். வண்டி நம்ம வீட்டுக்குப் போயிடுச்சாம்.

— வீட்டுக்கா? நாம இங்க விறைச்சுக் கிடக்கோம். அவங்க அங்க போய் என்ன பண்றாங்க, வாசல் தெளிக்கறாங்களா?

— சிரிக்காதீங்க அத்தை. எனக்கு பயமா இருக்கு.

— எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்காக அழுதா கண்ணீர் கன்னத்துலயே உறைஞ்சிடும்.

— மேடம், ஸ்பீக்கர்ல போடுங்க. ரெண்டு பேர் குரலும் எனக்குக் கேக்கணும். பெரியம்மா, நல்லா இருக்கீங்களா?

— நல்லா இருக்கேனான்னா என்ன சொல்றது தம்பி. பட்டாணி மூட்டைக்கு நடுவுல பட்டாணியா இருக்கேன்.

— என்ன உடுத்தியிருக்காங்க மேடம்?

— சாதாரணப் புடவைதான். நான் எப்பவும் உள்ள வர்றப்ப கோட்டு போட்டுக்கிட்டு வருவேன், அதை அவங்களுக்குப் போட்டுவிட்டிருக்கேன்.

— அப்ப உங்களுக்கு?

— எனக்கு ஒண்ணும் இல்லை. அட்டைப் பெட்டியைப் பிரிச்சு முதுகுல சுத்திக்கிட்டேன்.

— நல்ல வேலை பண்ணீங்க. தரையில உக்காராதீங்க, சுவர்ல சாயாதீங்க. மரப்பலகை இருந்தா அது மேல அட்டை போட்டு ஒட்டி உக்காருங்க. கையை அக்குள்ல வெச்சுக்கோங்க.

— அப்படித்தான் உக்காந்திருக்கோம். அக்குள்ல கையோட செல்லும் இருக்கு சார். குளிருக்கு பேட்டரி வேகமா இறங்குது.

— நல்லது. இப்ப கதவைப் பத்திச் சொல்லுங்க. ஐஸ் ரூம்னா உள்ளேர்ந்து தள்ளித் திறக்கறதுக்கு ஒரு பிடி இருக்குமே. வெளிய பூட்டியிருந்தாலும் அது திறக்கும்.

— இருக்கும் சார். எங்களோடதுலயும் இருந்துச்சு. நேத்து கழட்டிட்டாங்க. அது வழியா குளிர் கசியுது, ரிப்பேருக்குக் கொடுக்கணும்னு எங்க வீட்டுக்காரர்தான் கழட்டினார். இப்ப அந்த இடத்துல துணி அடைச்சு, தகரம் வெச்சு முடுக்கியிருக்கு. நகத்தால நோண்டிப் பார்த்தேன். நகம்தான் பேந்து போச்சு.

— உங்க வீட்டுக்காரர் எங்க இப்ப?

— ஊர்ல இல்லை. பழைய கம்ப்ரஸர் ஒண்ணு விலைக்கு வருதுன்னு காலைல ரயிலுக்குப் போனார். உங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி அவருக்குத்தான் முதல்ல கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்னு வருது.

— ரயில்ல சார்ஜ் போட இடம் கிடைச்சிருக்காது பாவம். இல்லேன்னா என் பையன் ஒரே ரிங்ல எடுத்துடுவான் தம்பி. நான் சொல்றேன் கேளுங்க, அவன் மட்டும் இங்க இருந்திருந்தா இந்நேரம் இந்தக் கதவைப் பிச்சுப் போட்டிருப்பான்.

— சரிங்க பெரியம்மா. வேலையாளுங்க யாரும் இல்லையா?

— இன்னிக்கு எல்லாருக்கும் லீவு சார். அவர்தான் லீவு விட்டார். பின் வரிசைப் பெட்டியெல்லாம் ஒரு தரம் பாத்துடு, நாளைக்கு எடுக்க வர்றாங்கன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனார். அதுக்காகத்தான் வந்தேன்.

— பெரியம்மாவும் உங்களோடதான் வந்தாங்களா?

— நான் எங்க தம்பி வந்தேன்? பொண்ணு வீட்டுக்குக் கிளம்பினவ. பஸ் கண்ணு முன்னாடி போயிடுச்சு. அடுத்ததுக்கு நேரம் கிடக்குதே, மருமக இங்கதானே இருப்பா, பாத்துட்டுப் போலாம்னு மரக்கடை வழியாப் பின்பக்கமா வந்தேன். இந்தக் கதவு திறந்திருந்துச்சு. உள்ள வந்து, என்னடி பண்றேன்னு கேட்டு வாய் மூடல, பின்னாடி கதவு மூடிக்கிச்சு. எனக்கு வேணும். பேசாம பஸ் ஸ்டாண்டுல கடலை கொறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம்.

— கதவு தானா மூடிக்கிச்சா?

— தானா மூடிக்கும் சார், அவ்வளவு கனம். அதனாலதான் நான் எப்பவும் கட்டை வெச்சு நிறுத்திட்டு வருவேன். இன்னிக்கும் வெச்சேன்.

— நிச்சயமா வெச்சீங்களா?

— வெச்சேன் சார்.

— நான் வர்றப்ப காலால தட்டிவிட்டிருப்பேன் கண்ணு. எனக்கு எங்க இதெல்லாம் தெரியுது.

— சரி, கதவு மூடிக்கிச்சுன்னே வெச்சுப்போம். வெளிய பூட்டியிருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?

— பூட்டலேன்னா உள்ளேர்ந்து தள்ளினாலே கொஞ்சமாவது அசையும். நாங்க ரெண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தோம். அசையலை. கொண்டி போட்டுப் பூட்டினா மட்டும்தான் இப்படி இறுகி நிக்கும்.

— உள்ள லைட் எரியுதா?

— இல்லை. கதவு மூடினப்ப எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடுச்சு. இருட்டுலதான் உக்காந்திருக்கோம்.

— கரன்ட் போயிடுச்சோ?

— கரன்ட் போனா மேல காத்தாடி நின்னிருக்கணுமே. அது ஓடுது. கேக்குதா உங்களுக்கு? அந்த இரைச்சல் அதுதான். வைஃபையும் வருது.

— மேடம், லைட் ஸ்விட்ச் எங்க இருக்கு?

— வெளிய. கதவுக்குப் பக்கத்துல.

— இருங்க மேடம், வண்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன்.

— நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியும் சார். எனக்கும் அதேதான் ஓடுது. வெளிய யாரோ இருக்காங்க. கதவைப் பூட்டி லைட்டை அணைச்சிருக்காங்க.

— வாட்ச்மேனா இருக்கும் கண்ணு. அந்த மனுஷன் எது எரிஞ்சாலும் அணைப்பான். என் வீட்டுக்கு வந்தா அடுப்பைக்கூட அணைச்சுட்டுப் போவான்.

— வாட்ச்மேனுக்கும் இன்னிக்கு லீவு அத்தை.

— அப்ப அந்த மீசைக்காரன்தான். நான் சொல்றேன் கேளு, அவனேதான்.

— யாரு பெரியம்மா மீசைக்காரன்?

— மூட்டை தூக்கிக்கிட்டிருந்தான் தம்பி. குடிச்சுட்டு வந்தான்னு என் பையன் வேலையை விட்டு நிறுத்திட்டான். போறப்ப வாசல்ல நின்னு கத்தினான். உன் குடும்பத்தையே விறைக்க வைக்கறேன் பாருன்னு. நாலு பேர் கேட்டாங்க.

— அத்தை, அவன் அப்படியெல்லாம் சொல்லலை. குளிர்ல வேலை செய்யறவன் வயிறு உனக்கு எங்க தெரியும்னுதான் சொன்னான்.

— எல்லாம் ஒண்ணுதான். கண்ணு அவனுக்கு நல்லாவே இல்லை.

— சார், வர்றவங்களைப் பாத்து வரச் சொல்லுங்க. அவன் அரிவாள் கிரிவாள் வெச்சிருந்தா?

— சொல்லியாச்சு. போலீஸும் கூட வருது. நீங்க அதைப் பத்தி யோசிக்காதீங்க. எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்கன்னு சொல்ல முடியுமா?

— தெரியலை சார். முதல்ல கதவோடயே மல்லுக்கட்டினோம். கத்திக்கத்தித் தொண்டை போச்சு. உள்ள எவ்வளவு கத்தினாலும் வெளிய கேக்காது. அப்பறம்தான் வைஃபை ஞாபகம் வந்துச்சு.

— ஐஸ் ரூமுக்குள்ள வைஃபை எப்படி?

— போன வாரம்தான் போட்டோம். குளிர் எவ்வளவு இருக்குன்னு செல்லுலயே பாக்கற மீட்டர் ஒண்ணு மாட்டினாங்க, அதுக்கு நெட் வேணும்னு அந்த மெக்கானிக்கே மேல ஒரு பெட்டி வெச்சுட்டுப் போனார். எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு ஊர்ல இல்லை. வந்ததும் சொல்லணும்னு இருந்தேன், மறந்தே போச்சு. இவருக்கு இன்னும் தெரியாது சார், உள்ள நெட் வரும்னு.

— தெரிஞ்சா திட்டுவான். அவனைக் கேக்காம ஒரு ஒயரைத் தொடக் கூடாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் தம்பி. எங்க வீட்ல ஒரு ரேடியோ முழுசா இருந்ததில்லை. இப்ப நீங்க பேசறீங்களே, இந்த டப்பா, இதுவும் அவன் மாட்டினதுதான். கடைக்காரன் வந்து மாட்டறேன்னான், இவன் விடலையே. நான் அடுப்படியில இருந்தாலும், மருமக இங்க இருந்தாலும், வீட்டுக்கு வர்ற போனை யார் வேணாலும் எடுக்கலாம்மான்னான். கை ராசிக்காரன்.

— உண்மைதான் பெரியம்மா. அந்த டப்பா இல்லேன்னா நீங்க என்கிட்ட பேசியிருக்கவே முடியாது.

— அதைத்தான் நானும் சொல்றேன். தூரத்துல இருந்தாலும் என் பையன்தான் நம்மளைக் காப்பாத்திக்கிட்டு இருக்கான்.

— சார், அந்தப் பூட்டு ரொம்ப கெட்டி. கட்டர்ல வெட்டினாலும் நேரமாகும். சாவி ரெண்டு இருக்கு. ஒண்ணு எப்பவும் அவர்கிட்ட இருக்கும். இன்னொண்ணு வீட்ல இருக்கு, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல ஆணியில தொங்கும். உங்க ஆளுங்க இன்னும் வீட்டு வாசல்லதானே இருக்காங்க?

— இருக்காங்க. திரும்பி அங்க வரச் சொல்லலாம்னு இருந்தேன்.

— வேண்டாம். கதவை உடைச்சு உள்ள போகச் சொல்லுங்க. வீட்ல யாரும் இல்லை. நான் சொல்றேன், என் வீடு, உடைக்கட்டும். சாவியை எடுத்துட்டு வரட்டும்.

— கண்ணு, தேக்குக் கதவு.

— அத்தை.

— சரி சரி, உடைக்கட்டும். அவன் வந்து வேற போட்டுக்குவான்.

— இருங்க மேடம், சொல்றேன். … கேட்டாங்க, சரின்னுட்டாங்க. உடைக்கறதுக்கு முன்னாடி வெளிய மெயினை அணைச்சுட்டு—

— அணைக்க வேண்டாம்!

— மேடம்?

— மெயினை அணைக்க வேண்டாம்னு சொல்லுங்க சார். இந்தக் கால் அந்த டப்பா வழியாத்தான் ஓடுது. கரன்ட் போனா டப்பா அணைஞ்சிடும். உங்க குரல் எனக்குக் கேக்காது. திரும்பக் கூப்பிட எனக்கு வேற வழியே இல்லை. சொல்லுங்க சார், சீக்கிரம்.

— மெயினைத் தொடாதீங்க! ஹலோ, வீட்டு டீம், மெயின்ல கை வைக்காதீங்க! … மேடம்? மேடம், லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— அப்பா. நிறுத்திட்டாங்க. ஒருத்தர் மெயின்ல கையை வெச்சுட்டாராம், நல்ல வேளை.

— எனக்கு உயிர் போயிட்டு வந்துச்சு சார். இந்த இருட்டுல உங்க குரல் மட்டும்தான் இருக்கு.

— நான் எங்கயும் போகலை. டப்பா எங்க இருக்கு வீட்ல?

— ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல. பச்சை லைட் மினுக்கிக்கிட்டு இருக்கும். அதுல எதையும் பிடுங்கிடாம பாத்துக்கச் சொல்லுங்க.

— சொல்லிட்டேன். பெரியம்மா, என்ன பேச்சையே காணோம்?

— …

— அத்தை? அத்தை, இங்க பாருங்க.

— ம்ம். தூக்கம் வருது கண்ணு.

— தூங்கக் கூடாது. அத்தை, நடுங்கக்கூட இல்லையே நீங்க. சார், இவங்களுக்கு இப்ப வரைக்கும் பல்லு கடகடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நின்னுடுச்சு.

— தேய்க்காதீங்க, கையைக் காலைத் தேய்க்க வேண்டாம். கட்டிப் பிடிச்சுக்கோங்க, உங்க உடம்புச் சூடு அவங்களுக்குப் போகட்டும். தலையை மூடுங்க. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. பெரியம்மா, நான் பேசறது கேக்குதா?

— கேக்குது. ஏன் கத்தறீங்க.

— உங்களுக்கு எத்தனை பசங்க?

— ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டுமே என்னை ஒரு வாய் நிம்மதியா சாப்பிட விடலை. உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா தம்பி?

— ஆகலை பெரியம்மா.

— குரலைக் கேட்டாலே தெரியுது. இவ்வளவு பொறுமையாப் பேசறீங்களே.

— பெரியம்மா, பையனைப் பத்திச் சொல்லுங்க. எப்படி, பாசமா இருப்பாரா?

— பாசம்னா… என்னை விட்டு ஒரு நாள் இருக்க மாட்டான். கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கான், அது வியாபாரத்துக் கவலை. சாப்பாட்டுத் தட்டுல கையை வெச்சுக்கிட்டு எங்கயோ பாத்துக்கிட்டு இருப்பான். இன்னிக்குக் காலைல கூட என்னை, பொண்ணு வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வாம்மான்னு, அவனே பையைக் கட்டிக்கொடுத்து, பஸ்ஸுக்கு வெளிய அனுப்பிவிட்டான். எனக்கு எங்கயும் போகப் பிடிக்காதுன்னு தெரியும், இருந்தும் அம்மாவுக்கு ஒரு மாறுதலா இருக்கட்டும்னு…

— அத்தை? சொல்லுங்க. நிறுத்தாதீங்க.

— நீயும் அவனும் சண்டை போடாம இருங்க கண்ணு. அந்த ரூம் கதவைச் சாத்திக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் மெதுவாப் பேசறப்பவெல்லாம் நான் தூங்காமக் கிடப்பேன். கத்திச் சண்டை போட்டா எனக்கு பயமில்லை.

— சண்டை இல்லை அத்தை. நான் கொஞ்ச நாள் எங்க அம்மா வீட்ல இருந்துட்டு வரேன்னு கேட்டேன். அவர் வேண்டாம்னார். அவ்வளவுதான்.

— திரும்பி வருவேதானே?

— இப்ப அதெல்லாம் எதுக்கு அத்தை. என்னை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க.

— மேடம், கட்டர் வண்டி ரயில்வே கேட் வந்துடுச்சு. கேட் மூடியிருக்காம், ஒரு கூட்ஸ் வண்டி போகுது. போனதும் வந்துடுவாங்க.

— எவ்வளவு நீளம் சார் அந்த கூட்ஸ்?

— போயிட்டே இருக்காம். இதோ முடிஞ்சிடும்.

— சார், எனக்கு விரல்ல உணர்ச்சி இல்லை. செல்லுல சிவப்பு வந்துடுச்சு. நான் ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளுங்க.

— நான் இதைக் கட் பண்ணிட்டு அவருக்கு ஒரு தரம் கூப்பிட்டுப் பாக்கறேன். இருக்கற பேட்டரிக்கு ஒரு கால்தான் தாங்கும். அவர் எடுத்துட்டார்னா… ரயில் ஏதாவது ஸ்டேஷன்ல நின்னிருக்கும். அவர்கிட்ட சாவி இருக்கு. அவர் யாரையாவது அனுப்புவார். இல்லேன்னாலும் ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும். நான் கோவமா இருந்தேன்னு நினைச்சுக்கிட்டே அவர் இருக்கக் கூடாது.

— வேண்டாம் மேடம். கட் பண்ணாதீங்க.

— அவர் என் புருஷன் சார்.

— புரியுது. வண்டி வந்துட்டிருக்கு. உங்க குரல் போச்சுன்னா எந்தக் கதவுக்குப் பின்னாடி நீங்க இருக்கீங்கன்னு அவங்களுக்குச் சொல்ல ஆளில்லை. கொஞ்சம் பொறுங்க, சரிங்களா? நாங்க அவருக்கு முயற்சி பண்றோம்.

— என் பையன் எடுத்தா என்கிட்ட கொடுங்க தம்பி. பயந்துடப் போறான். நானே மெதுவாச் சொல்றேன்.

— சரிங்க பெரியம்மா. ஒரு நிமிஷம், வீட்டு டீம் கூப்பிடறாங்க. லைன்லயே இருங்க.

— சார்? … சார்? … அத்தை, போயிட்டார்.

— வருவார். நல்ல பையன். கண்ணு, இந்தக் கோட்டை நீ போட்டுக்கோ. எனக்கு இப்ப குளிரவே இல்லை.

— கழட்டாதீங்க அத்தை. குளிரலேன்னு தோணறதுதான் ஆபத்து. கழட்டினா நானும் உங்களோட படுத்துடுவேன், பாத்துக்கோங்க.

— பிடிவாதக்காரி. அவனும் இப்படித்தான். நீங்க ரெண்டு பேரும் எப்படித்தான் ஒரே வீட்ல…

— அத்தை, கதவு அதிருது. கையை வெச்சுப் பாருங்க. யாரோ பூட்டை ஆட்டறாங்க.

— மீசைக்காரனா?

— தெரியலை. சார், இருக்கீங்களா? வெளிய யாரோ வந்துட்டாங்க. கதவு அதிருது.

— இருக்கேன் மேடம். கேக்குது எனக்கும்.

— அத்தை, பூட்டைத் திறக்கறாங்கன்னா மீசைக்காரன் இல்லை, சாவி வெச்சிருக்கற அவர்தான். பாத்தீங்களா, எங்கயோ பாதி வழியில என் மிஸ்டு காலைப் பாத்திருக்கார். திரும்பி வந்துட்டார்.

— நான் சொல்லலை? என் ராசா வருவான்னு சொல்லலை?

— மேடம், அது எங்க ஆளுங்க. பூட்டை வெட்டிட்டிருக்காங்க. இப்ப திறந்துடுவாங்க. கதவை விட்டுத் தள்ளி உக்காருங்க.

— உங்க ஆளுங்களா? அப்ப வீட்ல இருந்த சாவி கிடைச்சுதா?

— மேடம், ஸ்பீக்கரை அணைச்சுட்டு போனை உங்க காதுல மட்டும் வெச்சுக்கறீங்களா?

— விரல் மடங்கலை சார். எதுவா இருந்தாலும் அப்படியே சொல்லுங்க. அத்தைக்குத் தெரியக் கூடாதது எங்க வீட்ல ஒண்ணும் இல்லை.

— உங்க வீட்டுக் கதவை நாங்க உடைக்கலை. முதல் அடி விழுந்ததும் உள்ளேர்ந்து திறந்துட்டாங்க.

— உள்ளேர்ந்தா? யாரு? வீட்ல யாரும் இல்லையே.

— உங்க வீட்டுக்காரர்தான் மேடம். மனைவிக்குக் காய்ச்சல், உள்ள தூங்கிட்டிருக்கா, அம்மா என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க, இங்கேர்ந்து யாரும் போன் பண்ணலைன்னு சொல்லியிருக்கார். இந்த நம்பர்லேர்ந்து இந்த நிமிஷமும் ஒரு பொம்பளை பேசிட்டிருக்காங்கன்னு எங்க ஆளுங்க சொன்னதும், ஒரு வார்த்தை கேக்கலை. நேரா ஹாலுக்கு ஓடி அந்த டப்பாவோட ஒயரைப் பிடுங்கப் போயிருக்கார். கையைப் பிடிச்சு வெச்சிருக்காங்க.

— இல்லை சார். அவர் ரயில்ல போயிருக்கார். நீங்க வேற யாரையோ… அத்தை, நீங்க சொல்லுங்க. அவர் ரயில்ல போயிருக்கார்னு சொல்லுங்க.

— தம்பி, உங்க ஆளுங்களை அவன் முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. உன் அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போகலை, அவளும் இந்த ஐஸ் ரூமுக்குள்ளதான் இருக்கான்னு.